மூடியும் சுவிட்சும்

மீனாட்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பால் சங்கத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் மெக்கானிக் வந்தார். தடித்த கண்ணாடி, ஈயம் சுட்ட விரல் நுனிகள். பேச்சில் 'உம்' வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குவார்.

முந்தின நாள் பால் தொட்டியின் மூடி திறந்திருப்பது தெரியாமல் நான் சுவிட்சைப் போட்டுவிட்டேன். மூடி திறந்திருந்தால் நிற்க வேண்டிய, பாலைக் கலக்கும் துடுப்பு சுழன்றது. உள்ளே கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்த, சங்கத்தில் தொட்டி கழுவும் அக்கா மயிரிழையில் கையை இழுத்துக்கொண்டார். அதன்பின் அவர் தொட்டியைத் தொடவில்லை.

மெக்கானிக் தொட்டியின் மின்சுற்றுப் பலகையிலிருந்து ஒரு கறுப்புச் சிப்பைப் பிடுங்கினார்.

"மூடியும் மூடியிருக்கோணும், சுவிட்சும் போட்டிருக்கோணும்." இரண்டு விரல்கள் மடங்கின. பிறகு சிப்பின் கம்பிக் கால்களைக் காட்டினார். "ரெண்டு கால்லயும் கரண்ட் வந்தாத்தான் மூணாவது கால்ல அனுப்பும். இங்க இருக்க வேண்டியது அதுதானுங்க, 'ஆண்ட் கேட்'டு. யாரோ இந்த 'ஆர் கேட்'டை மாட்டிட்டாங்க. இதுக்கு ஏதாவது ஒண்ணு வந்தாலே போதுமுங்க."

அவர் எடுத்த புதிய சிப்பையும் பார்த்தேன். "பாத்தா வித்தியாசமே தெரியலைங்களே?" என்றேன்.

"நம்பர் மட்டுந்தானுங்க வேற."

புதிய சிப்பை மாட்டி, திறந்த தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு, சுவிட்சைப் போட்டுக் காட்டினார். துடுப்பு அசையவில்லை.

"குச்சிக்கு வலிக்குமாங்க?" என்றார் அக்கா.

மெக்கானிக் சுவிட்சை அணைத்தார். வளையலைக் கழற்றிவிட்டுத் தன் கையை உள்ளே விட்டார். "இப்பப் போடுங்க" என்றார் என்னிடம்.

போட்டேன். துடுப்பு அசையவில்லை. அக்கா வாளியை எடுக்கப் போனார்.

அக்கா பார்த்தது துடுப்பை. நான் பார்த்தது மெக்கானிக்கின் முகத்தை. சுவிட்சைப் போட்ட நொடியில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.