எல்லாருக்கும் திறக்கவேண்டிய பக்கம்: யோகா அக்காவின் நினைவாக

யோகா அக்கா காலமான செய்தியைக் காலை ஏழரை மணிக்கு அவரது கணவர்தான் தொலைபேசியில் சொன்னார். "யோகா போயிட்டா தம்பி. அறிவித்தலை நீங்களே எழுதிப் போடுங்கோ. நாளைக்குப் பத்து மணிக்குக் கிரியை." அவ்வளவுதான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அழுகை வரமுதல் ஒரு பயம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவருடைய அறிவித்தல் பழைய பிரவுசர்களில் திறக்குமா என்ற பயம் அது.

உங்களில் பலர் அவரைக் குரலால் மட்டும் அறிந்தவர்கள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மரண அறிவித்தல் போடும் இணையத்தளமொன்றை நடத்துகிறேன். தளத்தைக் கட்டுவதும் பராமரிப்பதும் நான். தொலைபேசி எடுப்பது, பெயர்களில் பிழை பார்ப்பது, மருமக்களில் யாரும் விடுபட்டார்களா என்று கேட்டு எழுதுவது எல்லாம் அக்கா. பதினொரு வருடம் ஒரே அறைக்குள் இருந்தோம். அதில் பாதி நாள் சண்டை.

சண்டைக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். எவ்வளவு பழைய பிரவுசர் வரைக்கும் எங்கள் தளம் திறக்கவேண்டும்? பழையதையும் இழுத்துக்கொண்டு போனால் எனக்கு இரட்டை வேலை. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் தாங்கள் பாவித்து முடித்த டெப்லெட்டைத்தானே இங்கிருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்புகிறார்கள்! அதிலுள்ள பிரவுசர் அதற்குமேல் புதுப்பிக்காது.

"மிஞ்சிப்போனா கொஞ்சப் பேர்தான் அக்கா," என்பேன்.

"அந்தக் கொஞ்சப் பேர்தான் தம்பி செத்தவீட்டுக்கு நேர போறவை. மற்றவை போனில ரெண்டு கண்ணீர்ப் படம் அனுப்பிப்போட்டு இருந்திடுவினம்."

ஒருமுறை நான் வென்றேன். விளக்கு எரிய, பூக்கள் மேலிருந்து விழ, புதிய பக்கமொன்றைச் செய்து போட்டேன். என் புதுப் போனில் அது அத்தனை வடிவு. நாலாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் மாடிப்படியேறி வந்தார். கூட வேலைசெய்த சிநேகிதரின் அறிவித்தல் அவருடைய டெப்லெட்டில் வெறும் வெள்ளையாக வந்திருக்கிறது. வேறு ஆளிடம் விசாரித்து, உடலை அஞ்சலிக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போய்ச் சேர, உடலைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவர் ஏசவில்லை. "முகம் பாக்கேலாமப் போச்சு," என்று மட்டும் சொன்னார். நான் கணினித் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து, அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தால் காணும், எவை போதும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினார். பெயர், படம், நாள், நேரம், இடம், ஒரு தொலைபேசி இலக்கம். அவரை அனுப்பிவிட்டுத் தாளை என் முன்னால் வைத்தார். "இவ்வளவும் எல்லாருக்கும் வரோணும். உம்மட பூவும் விளக்கும் வாறவைக்கு வரட்டும்."

அப்படியே செய்தேன். பழைய பிரவுசருக்குத் தாளில் இருந்தது மட்டும் வரும் ஒரு வெறும் பக்கம், புதியதற்கு மற்றதெல்லாம். யாரை வெட்டுவது என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். யாரையும் வெட்டவே தேவையிருக்கவில்லை. இது எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றியதே என்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் மரக்கறிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமுதல் மேசை லாச்சியை இழுத்து ஒரு கிழட்டு டெப்லெட்டை எடுப்பார். அந்தக் கிழமை போட்ட அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் சாப்பாடு.

இந்த வருடம் சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டெப்லெட்டையும் கொண்டுபோய்விட்டார். அந்த நாட்களில் நான் தளத்தைப் புதிய சேர்வருக்கு மாற்றினேன். மாற்றும்போது அந்த வெறும் பக்கத்தைக் கழற்றி எறிந்தேன். அக்காதான் இல்லையே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்ட்டிலிருந்து அழைப்பு.

"தம்பி, வெள்ளையாக் கிடக்கு."

"என்னது அக்கா?"

"நடிக்காதையும்."

பின்னால் தாதி சிங்களத்தில் அவரை அதட்டுவது கேட்டது. அன்று பின்னேரமே அந்தப் பக்கத்தைத் திரும்பப் போட்டுவிட்டு, "போட்டாச்சு அக்கா," என்றேன். "பாத்துச் சொல்லுறன்," என்றார். அடுத்த நாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் சொல்லவேயில்லை. என் கணினியிலுள்ள சோதனை மென்பொருளில் பக்கம் திறந்தது. ஆனால் என்னிடமுள்ள கருவிகளை நம்பித்தான் முந்தியும் ஏமாந்தேன். அவரிடம் இருந்த டெப்லெட்டைக் கொண்டுவந்து தரச்சொல்லி, அந்த நிலைமையில் அவர் கணவரிடம் எந்த வாயால் கேட்பது?

பத்தாம் நாள் அவருடைய அறிவித்தலையே நான் எழுத வேண்டியதாயிற்று. போட்டுவிட்டு, யாருக்காவது அழைத்துத் திறக்கிறதா என்று கேட்கலாமென்றால், பழைய டெப்லெட்டில் பார்த்துவிட்டு அக்காவோடு தொலைபேசியில் கதைக்கும் அந்த வயதானவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களையெல்லாம் தெரிந்தவர் பெட்டிக்குள் இருந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மலர்ச்சாலைக்குப் போனால், உள்ளே இடமில்லை. பொல்லோடும் குடையோடும் வயதானவர்கள். இரத்மலானையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஓட்டோ பிடித்து வந்திருந்தார்கள். "இவையெல்லாம் ஆர் தம்பி?" என்று அக்காவின் கணவரே என்னிடம் கேட்டார். ஹெந்தளையிலிருந்து வந்த அம்மா ஒருவரிடம், எப்படித் தெரிந்தது என்று விசாரித்தேன்.

"டெப்பில பாத்தனான் மகன். பூ ஒண்டும் இல்லை, விளக்கும் இல்லை. படமும் நேரமும் இடமும் கிடந்தது. காணும்தானே? எத்தினை வருசம் கதைச்ச பிள்ளை. முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"காணும் அம்மா," என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆறுதலாக அழுதேன்.

எல்லாம் முடிந்தபின் கணவர் அந்த டெப்லெட்டை என் கையில் தந்தார். "அண்டைக்கு ஆஸ்பத்திரியில இதைப் பாத்திட்டு, 'வந்திட்டுது, தம்பிக்குச் சொல்லுங்கோ' எண்டவ. பிறகு வந்த அந்தரத்தில நான் மறந்துபோனன். குறை நினையாதையுங்கோ."

குறையா! ஐயோ, அந்த மனிதரைக் கட்டிப்பிடித்திருப்பேன். பத்து நாளாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கிவிட்டது. டெப்லெட் என் மேசையில் இருக்கிறது. அது ஒருநாள் பழுதாகும். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்த 'வந்திட்டுது' என்ற ஒரு சொல்லைத்தான். யோகா அக்கா என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை.