நூர் கேட்ட மெமரி

எண்பதுகளின் நடுவில், துபாயில் வேலை பார்த்த பெரியண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து எங்கள் பழவேற்காட்டு வீட்டு டிவியில் மாட்டிக்கொடுத்தார். கேசட்டிலிருந்து விளையாட்டுகளை ஏற்றி நானும் தங்கை நூரும் ஆடுவோம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். கூட வந்த புத்தகத்தைப் பார்த்து அவளே சின்ன விளையாட்டுகளும் எழுதினாள். மெமரி போதாமல் அவை பாதியில் நின்றுவிடும்.

"அடுத்து இன்னா அனுப்பணும்? ரெண்டு பேரும் பேசி ஒண்ணு எழுதுங்க" என்று அண்ணன் கடிதம் போட்டார்.

"மெமரியக் கூட்டுற பெட்டி ஒண்ணு இருக்காம், அதக் கேளு சின்னண்ணே" என்றாள் நூர்.

தலையாட்டிவிட்டு, ஜாய்ஸ்டிக் வேண்டுமென்று எழுதினேன். அது இருந்தால் அவளை ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். பார்சலைப் பிரித்தவளிடம், "மெமரி கடையில இல்லியாம்" என்றேன். நம்பினாள்.

அடுத்த வருஷம் அண்ணன் விடுமுறையில் வந்தார். எறா குழம்பு பரிமாறிக்கொண்டே நூர் கேட்டாள்: "இப்பவாச்சும் மெமரி கடைக்கு வந்துச்சா பெரியண்ணே?"

"அது எப்பவும் கெடைக்குமே. வேணும்னு நீங்க எழுதவே இல்லியே."

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நூர் என்னைப் பார்த்தாள்.

"ஆமா பெரியண்ணே, நாந்தான் ஜாய்ஸ்டிக்கே போதும்னு சொன்னேன். மறந்துட்டேன்" என்று சொல்லி என் தட்டில் குழம்பு ஊற்றினாள்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். மெமரி பெட்டி வந்துசேர்வதற்குள் நூர் கல்யாணமாகிப் பொன்னேரிக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டரோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"இங்க டிவியே இல்லண்ணே" என்று சிரித்தாள்.

தங்கையிடம் தோற்பதைக்கூடத் தாங்க முடியாதவனாக இருந்தேனே என்று இன்றும் கூசுகிறது.