நக்சோஸ் தீவின் நிலைவாசலும் நான் வைக்காத முடிச்சும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவது படித்தவள் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எழுதினால் என் ஓரகத்தியைப் பற்றி எழுதவேண்டும். அவளைப் பற்றி எழுதினால் என் மூஞ்சியை நானே பார்க்கவேண்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாமி எழுத வைக்கட்டும்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே. கரும்பும் மரவள்ளியும்தான் பிழைப்பு. என் கொழுந்தனார் பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்து, நல்ல நாள் பார்த்து நிலை வைத்தார். எங்கள் பக்கம் அது சின்னக் காரியம் இல்லை. நிலைக்கு அடியில் காசும் நவதானியமும் போட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துத்தான் நிறுத்துவோம். அன்றைக்குக் காசு போட்டவள் என் ஓரகத்தி. அடுத்த மாசமே கொழுந்தனார் கரும்பு லோடு மேலேயிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். சுவர் எழும்பவில்லை. நிலை மட்டும் தனியாக நின்றது. தெருவில் நின்று பார்த்தால் அதற்குள்ளே கல்வராயன் மலை தெரியும்.

"என் கை ராசியில்லாத கைதான்க்கா" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

அப்போதுதான் ஜெர்மனியில் இருக்கும் என் மகளும் மருமகனும் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து கிரேக்கத் தீவுகளுக்குப் போவதாகத் திட்டம். சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வரும் நேரம் என்று என் வீட்டுக்காரர் வரவில்லை. பார்க்கப்போகும் இடங்களை மகள் போனில் படமாக அனுப்பினாள். வெள்ளை வெள்ளையாக வீடுகள், நீலக் கடல், உடைந்த தூண்கள். அதில் ஒன்று நக்சோஸ் என்ற தீவு. கடலுக்கு நடுவில் ஒரு திட்டு, அதன்மேல் யானை நுழைகிற உயரத்துக்கு ஒரு கல் நிலைவாசல். சுவர் இல்லை, கூரை இல்லை.

என் ஓரகத்தி போனை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, நம்ம வூட்டு நில மாதிரியே நிக்குது?"

"பழைய காலத்துக் கோயிலாம். கட்டி முடிக்கலயாம்."

"எவ்ளோ காலமா நிக்குதாம்?"

"ஏசு பொறக்கறதுக்கு முன்னாடியிலருந்தாம்."

"செவுரே இல்லாம அவ்ளோ காலம் நிக்குதுன்னா, அடியில காசு வெச்ச கை எப்பேர்ப்பட்ட கையா இருக்கணும்!"

மறுநாள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து எடுத்துவந்தாள். "அந்த நில அடியில இத வெச்சிட்டு வாக்கா. அவர எழுப்பி வுடச் சொல்லு." கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கினேன்.

முதலில் ஏதென்ஸ். மலைமேல் பெரிய கோயில். ஏறுகிற வழியெல்லாம் ஜனம், நம்ம திருவண்ணாமலைக் கிரிவலம் போல. கல் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. கோயில் கிட்டே போனதும் நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். மருமகனின் ஆபீஸ் சிநேகிதர்கள், தமிழ்ப் பிள்ளைகள்தான், அவர்களும் எங்களோடு வந்திருந்தார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தான். "ஆன்ட்டி, உள்ள சாமியே இல்ல. யாரு உங்கள ஏன்னு கேக்கப்போறா?" காவலுக்கு நின்ற பெண் செருப்பைப் போடச்சொல்லிக் கையைக் காட்டினாள். என் மகள் முகம் சுண்டிவிட்டது. "மா, நாளைக்கி இப்டிலாம் பண்ணாதம்மா" என்றாள். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சலாக. அதுதான் என்னைச் சுட்டது.

அடுத்து கப்பலில் நக்சோஸ். காற்று அப்படி ஒரு காற்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். கடல் தண்ணீர் அடி வரைக்கும் தெரிந்தது. சாயங்காலம் எல்லாரும் அந்த வாசலைப் பார்க்கக் கிளம்பினோம். கரையிலிருந்து திட்டுக்குப் போகும் பாதையில் அலை தெறித்தது.

இவ்வளவு செலவு செய்து, இத்தனை தேசத்து ஆட்கள் உடைந்த கல்லை ஏன் பார்க்க வருகிறார்கள் என்பது அதுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளக்கு இல்லை, மணி இல்லை, பிரசாதம் இல்லை. ஆனால் அங்கே பொழுது சாய்ந்து, சூரியன் அந்த நிலைக்குள்ளே வந்து நின்றபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தானாக வாயை மூடினார்கள். கர்ப்பக்கிரகத்தில் திரை விலகுகிற நேரம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கட்டாத கோயிலுக்குள் சூரியனே உட்கார்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. கை தானாகக் கும்பிட எழும்பியது.

நிலைக்கு அடியில், கல்லும் கல்லும் சேருமிடத்தில் விரல் நுழைகிற சந்து இருந்தது. முடிச்சு என் உள்ளங்கையில் இருந்தது. குனிந்தால் போதும்.

"ஆன்ட்டி, கையில இன்னா?" என்றான் ஏதென்ஸில் வீடியோ எடுத்த அந்தப் பையன். போன் அவன் கையில் தயாராக இருந்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா, மாத்திர" என்றேன். கைப்பைக்குள் போட்டேன்.

என்னை யாரும் தடுக்கவில்லை. அதைச் சொல்லவேண்டும். எனக்குப் பக்கத்திலேயே நரைத்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகாவது நான் பையைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஊர் திரும்பியபோது ஓரகத்தி ஆரத்தித் தட்டோடு நின்றாள். சுற்றி முடித்ததும், "வெச்சிட்டியாக்கா?" என்றாள்.

"வெச்சிட்டன்" என்றேன்.

காசிக்குப் போய்வந்தவர்களுக்குச் செய்வதுபோல என் காலில் விழுந்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த வாசல் படத்தைக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்துத் தன் வீட்டு சாமி மாடத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமையானால் அதற்கும் பூ. மாசங்கள் போக, கொழுந்தனார் எழுந்து உட்கார்ந்தார், பிறகு வாக்கரில், பிறகு தடி ஊன்றி நடந்தார். ஊரில் கதை வளர்ந்தது. நான் முடிச்சை வைத்ததும் கடல் காற்று நின்றதாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "நெலவாசல் சாமி படத்த காட்டு" என்று கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. முடிச்சு என் வீட்டு விபூதிச் சம்படத்துக்குப் பின்னால் கிடந்தது.

பிறகு சுவர் எழுப்ப நாள் பார்த்தார்கள். ஓரகத்தி என்னைக் கூப்பிட்டாள். "மொத செங்கல்ல நீதான் வெக்கணும்க்கா. அந்த வாசல்ல வெச்ச கை."

மேஸ்திரி கலவையோடு நிற்கிறார். கொழுந்தனார் தடியோடு நிற்கிறார். என் கையில் செங்கல். என்னால் முடியவில்லை. செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் முடிச்சை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். நடந்ததை அங்கேயே சொன்னேன். மாத்திரை என்று சொன்னதையும் சொன்னேன்.

முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"வெக்க முடியலன்னு சொல்லியிருந்தா வுட்டுருப்பன். எங்கள நெனச்சி வெக்கப்பட்டீங்க பாருங்க" என்றாள்.

அதுவரைக்கும் என்னை 'நீ' என்று கூப்பிட்டவள்.

"ஏய், வுடு. நல்ல நேரம் போய்க்கினு இருக்குது" என்றார் கொழுந்தனார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், காலிலிருந்து மேலே வரைக்கும். "அப்போ இந்த ஆள எழுப்புனது யாரு? தெனம் எண்ண தேச்சி, தூக்கி உக்காரவெச்சது எந்தக் கை?" என்றாள். யாரையும் கேட்டதுபோல் இல்லை. குனிந்து முடிச்சைக் கலவைக்குள் அழுத்தி, அதன்மேல் செங்கல்லைத் தானே வைத்தாள். "என் கை போதும்."

இன்றைக்கு வீடு முடிந்து பால் காய்ச்சியும் ஆகிவிட்டது. அந்த நிலைவாசல் படம் இன்னும் மாடத்தில் இருக்கிறது. "வாசல் மேல எனக்கு இன்னா கோவம்?" என்றாளாம். என்னைப் பார்த்தால் "வாங்க, உக்காருங்க" என்கிறாள். அந்த 'ங்க' போகவில்லை. அதை விட்டுவிடு என்று நான் கேட்கவும் முடியாது.

இந்தக் கதையை எங்கேயாவது நீங்கள் சொன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காற்று நின்றது என்று சேர்க்காதீர்கள். நான் முடிச்சை வைத்தேன் என்று சொல்லாதீர்கள். பிறகு அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றும் தயவுசெய்து முடிக்காதீர்கள். மாத்திரை என்று நான் சொன்ன இடத்தை மட்டும் விட்டுவிடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.