விஐபி டம்ளர்

இந்த வாரம் எழுதாமல் கம்மென்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குற்றாலத்தில் சீசன், ஆட்டோவுக்கு ஓயாத சவாரி... சாக்கா கிடைக்காது? உண்மைக் காரணம் வேறு. வாராவாரம் இந்தப் பத்தியில் ஊரைக் கிண்டலடிக்கிறவன், இந்தத் தடவை நானே மாட்டிக்கொண்டேன்.

அக்கா பிரசவத்துக்கு இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பேரை மட்டும் போடாதே என்றாள். மாசமாக இருந்தபோது ரத்தத்தைச் சோதித்ததில் அவளுக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. கல்லீரலைப் பிடிக்கிற கிருமி. வருஷக்கணக்காக உடம்பில் இருந்திருக்கலாமாம், சத்தமே இல்லாமல்.

பிள்ளை பிறந்த கையோடு அதற்கு இரண்டு ஊசி போட்டார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், பயப்படாதே என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

வீடு கேட்குமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அம்மா ஒரு டம்ளரை அக்காவுக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். அக்கா முகம் சுருங்கிப்போனது. சிரிக்க வைப்போமே என்று, ஆட்டோவில் ஒட்ட வாங்கிய 'விஐபி' ஸ்டிக்கரை எடுத்து அந்த டம்ளரில் ஒட்டினேன். அக்காவும் சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை!

மறுநாளிலிருந்து அவளே ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். தட்டு, துண்டு, தலையணை... கடைசியில் பிள்ளை. பால் கொடுக்கும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள் — மூச்சு பட்டுவிடுமாம். கொடுத்து முடித்ததும் அம்மாவிடம் நீட்டிவிடுவாள். பிள்ளை அழுதால் எழுந்து நிற்பாள், உட்காருவாள், வாசலுக்குப் போய்த் திரும்புவாள். தூக்கமாட்டாள். ஒரு மாசத்தில் ஒரு முத்தம் இல்லை. பார்க்கிற எனக்கே இருப்புக்கொள்ளவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிள்ளை தன் நகத்தாலேயே கன்னத்தைக் கீறிக்கொண்டது. எங்கள் வீட்டில் பச்சைப்பிள்ளை நகத்தைப் பெற்றவளே பல்லால் கடித்து எடுப்பதுதான் வழக்கம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே, நீ வெட்டி விடுலே. என் வாயி வேண்டாம்."

ஆட்டோ சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸம்மா என் கையைப் பிடித்துவிட்டார். இது யாருடையது என்றார். வீட்டுக்கே இது ஒன்றுதான் என்றேன். அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லாருக்கும்.

நர்ஸம்மா டம்ளரைப் பார்த்தார். நகவெட்டியைப் பார்த்தார்.

"நல்லா இருக்குய்யா ஒங்க நியாயம். டம்ளர்ல பரவாத நோய்க்கு டம்ளரை ஒதுக்கி வச்சிருக்கிய. ரத்தம் படுத நகவெட்டிய பொதுவுல வச்சிருக்கிய."

பிளேடு, பிரஷ், நகவெட்டி ஆளுக்கொன்று இருக்கட்டும். பிள்ளை நகத்தை எந்த வாயும் கடிக்க வேண்டாம். மற்றபடி ஒன்றாகச் சாப்பிடலாம், பிள்ளையை ஆசை தீரக் கொஞ்சலாம் என்றார். நாங்களும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, தேவையென்றால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ ஒறங்குதியாம்மா?"

ஒரு மாசமாக வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைக்கு ஒட்டியிருக்குமா என்றுதான் கேட்டார்கள். இவளைப் பற்றி இவளிடம் யார் கேட்டது? நானும் கேட்கவில்லை. அக்கா அழுதாள்... நர்ஸம்மா கிளம்பிய பிறகும் அழுதுகொண்டிருந்தாள்.

தென்காசிக்கு ஆட்டோவை விரட்டி, பிள்ளைக்கென்று குட்டி நகவெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதையும் என்னிடமே நீட்டினாள். எனக்குக் கை நடுங்குகிறது என்று புளுகினேன்.

"கீறிட்டேன்னா என்னலே செய்ய?"

"கீறுனா நாலு நாளைக்கு நான் திட்டுதேன். வெட்டுக்கா."

அரை மணி நேரம் ஆனது, பத்து விரலுக்கு. ஒவ்வொரு நகத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கீறல் இல்லை. பத்தாவது விரலை மட்டும் அவள் விடவே இல்லை. எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் கண்டுபிடித்தது ரத்தத்தில் இருந்ததை. மற்றதையெல்லாம் ஒட்டியது நாங்கள்தான் — எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் ஒட்டியது நான்.

அன்றைக்கே ஸ்டிக்கரைக் கிழித்தேன். பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், சாம்பல்... இன்னும் பிசுபிசுப்பு. துபாயில் இருக்கும் என் கூட்டாளி மைதீனுக்கு இந்தக் கதை முழுவதையும் வாய்ஸ் மெசேஜில் புலம்பித் தள்ளினேன்.

பதில் ஒரே வரிதான் வந்தது.

"பசை கெடக்கட்டும்லே, நீ அந்த டம்ளர்ல காப்பி குடிச்சியா?"