கல்பனா தேர்ந்தெடுத்த சத்தம்

மலையூரான நெல்லிவாசல்நாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தவள் கல்பனா ஒருத்திதான். பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் மூன்று வருடம் தைத்துவிட்டு ஊர் திரும்பியபோது, கூட வேலை செய்தவளின் அண்ணனிடம் பழையதாக வாங்கி வந்தது. பகலில் சாமை மில்லில் வேலை, சாயங்காலம் கிட்டார். பாட்டும் அவளே கட்டினாள்.

பஸ் வராத ஊர்ப் பெண்கள் தலைச்சுமையோடு மலையிறங்குவதைப் பற்றிய ஒரு கோபப் பாட்டைப் பதிவு செய்ய நினைத்து, திருப்பத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்த சகாயத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் கிட்டாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நீ பாடுனா போதும்மா. மலைப் பாட்டுன்னா புல்லாங்குழல் போட்டாத்தான் எடுபடும். இந்த கிட்டாருக்கெல்லாம் ஆம்ப் வேணும். அவ்ளோ பெரிய பெட்டிய உன் வூட்ல எங்க வெப்ப?”

“கிட்டார் இல்லாம நான் பாட மாட்டேங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் உறுமலைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்கும் சாஃப்ட்வேர்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டாவது படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடியது. கிட்டாரை அதில் செருகுவதற்கு ஒரு சின்ன இணைப்புப் பெட்டி மட்டும் வரவழைத்தாள்.

முதலில், எல்லாரும் புகழ்ந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். இறக்கவே இரண்டு நாள் ஆனது. திறந்தால் பளபளவென்று ஐம்பது ஆம்ப்களின் படம். ஆனால் கம்பியைத் தட்டி அரை நொடி கழித்துத்தான் சத்தம் வந்தது. லேப்டாப் திணறி நின்றேபோனது. அழித்தாள். அடுத்தது இலவசம் என்று வந்து, நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டின் நடுவே ‘உஸ்’ என்று இரைந்தது. காசு கட்டினால் நிற்குமாம். “எம்பாட்டுக்குள்ள பூர்றதுக்கு நீ யாரு?” என்று அதையும் அழித்தாள்.

மூன்றாவதை யாரும் புகழவில்லை. ஒரே ஆம்ப், மூன்று குமிழ். ஆனால் தட்டியதும் சத்தம் வந்தது, தொண்டை கட்டினவள் கத்துவது போலக் கரகரவென்று. ஹெட்ஃபோனைக் காதில் வைத்துப் பார்த்த அம்மா, “இன்னாடி இது, தகரத்த தரையில இழுக்கற மாதிரி கீது,” என்றாள்.

“அப்டித்தாம்மா இருக்கணும். தலைச்சொமையோட நடக்கறவ கொஞ்சியா பேசுவா?”

பதினோரு தடவை வாசித்துப் பாடிப் பதிந்து, பதினொன்றாவதை வைத்துக்கொண்டாள். கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்று சகாயத்துக்கும் அனுப்பினாள். அன்றைக்கே அவர் போன் செய்தார். “குரல் நல்லா கீதும்மா. அந்த எரைச்சல மட்டும் எடுத்துட்டு குடு, எங்க சேனல்ல போடறேன்.”

அவர் சேனலை ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். அது கல்பனாவுக்கும் தெரியும்.

“வேணாங்கண்ணா. அது எரைச்சல் இல்ல, பாட்டுல பாதி.”

தன் பெயரிலேயே ஒரு சேனல் தொடங்கி அதில் போட்டாள். முதல் வாரம் அறுபது பேர் கேட்டார்கள்.

அடுத்த வாரம் அவள் மில்லுக்குப் போன ஷேர் ஜீப்பில் டிரைவர் வேடியப்பன் அந்தப் பாட்டைப் போட்டார். முன்சீட்டில் இருந்தவர் முகத்தைச் சுளித்து, “கொஞ்சம் கொறைப்பா, காது வலிக்குது,” என்றார். வேடியப்பன் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

“கொறைக்காதீங்கண்ணா,” என்றாள் பின்னால் இருந்த கல்பனா. “பாட்டு இன்னும் முடியல.”

வேடியப்பன் கையை எடுத்துக்கொண்டார்.