டேப்புல பேரு சொல்லாத ஆளு

இன்னிக்கு காலைல ஒரு பொண்ணு, காதுல பெரிய கருப்பு மூடி மாட்டிக்கினு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சு!

(கொசு மருந்து அடிக்க வந்துச்சோன்னு நெனச்சு, பாலை மூடி வச்சிட்டேன்.)

"கன்னியம்மா நீங்கதானா? சதுரங்கப்பட்டினம் கோட்டையில தளம் அடிச்சீங்களே, அந்தக் கன்னியம்மா?"

தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு!

அது எம்பத்திரெண்டோ மூணோ. எனக்குக் கண்ணாலமாயி ஒரு வருசங்கூட ஆவல.

கடலை ஒட்டி ஒரு பழைய கோட்டை. அதுல ஒரு கட்டடத்துக்கு மேல்தளம் போட சாலவாக்கத்துலேர்ந்து எட்டு பேரு போனோம். எங்க வூட்டுக்காரு கொத்தனாரு. நான் தளம் அடிக்கிற ஆளு.

சுண்ணாம்பு ஜல்லியக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணியத் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா குந்திக்கினு கட்டையால தட்டிக்கினே இருக்கணும். இறுகுற வரைக்கும் ஒரே தாளம்.

(வெல்லத் தண்ணிக்கு வர்ற ஈ எல்லாம் எங்க மூஞ்சியிலதான்!)

அங்க ஒரு சாரு வந்து தங்கினாரு. வடக்கத்தி ஆளு, தமிழ் அரைகொறை. ஒரு மாசம் கோட்டையிலேயே இருந்துக்கினு சத்தம் புடிப்பாரு. கடல் சத்தம், காத்து சத்தம், காக்கா சத்தம். தோள்ல டேப்புப் பொட்டி. நாங்க டேப் சாருன்னுதான் கூப்புடுவோம்.

"இன்னா சார், கடலை எதுக்குப் பொட்டில போடற?"ன்னு கேட்டேன்.

"எங்க ஊர்ல கடல் இல்லம்மா"ன்னாரு பாவம்.

ஒரு நாளு நாங்க தட்டுற தாளத்தப் புடிச்சாரு. அப்புறம் மைக்க நீட்டி, "எல்லாரும் பேரு, ஊரு சொல்லுங்க"ன்னாரு. ஒவ்வொருத்தரா சொன்னோம்.

எங்க வூட்டுக்காரரு முறை வந்துச்சு. தலைய குனிஞ்சுக்கினு சாந்து பூசுற கரணையத் தொடைக்கிறாரு, தொடைக்கிறாரு, தொடைச்சிக்கினே கீறாரு! அவ்ளோ வெக்கம்!

டேப் சாரு என்னாண்ட திரும்பினாரு. "இவர் பேர் என்னம்மா?"

"ஐய! வூட்டுக்காரரு பேரை நான் எப்டி சார் சொல்லுவேன்?"

எங்க பக்கம் சொல்லமாட்டோம். புருசன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்பாங்க.

பக்கத்துல குந்தியிருந்த பவுனு, "சொல்லேன்டி, கடலுக்கா காது கேக்கப் போவுது?"ன்னா.

"நீ சொல்லுடி!"

"உன் புருசன், நீதான் சொல்லணும்!"

எல்லாரும் சிரிச்ச சிரிப்புல அவரு பேரு போயிடுச்சு.

இப்ப வந்த பொண்ணும் அதே கோட்டையில ஒரு மாசம் தங்கி சத்தம் புடிக்குதாம். டேப் சாரோட பழைய டேப்பு அது கைக்கு வந்து கீது. அதுல நான் பேரு, ஊரு சொன்னத வச்சு விசாரிச்சுக்கினு வந்திருக்கு.

"அம்மா, எட்டு பேர்ல ஏழு பேருக்கு பேரு இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் இல்ல. அவரு யாருன்னு கேட்டு எழுதிக்கத்தான் வந்தேன்."

"அவரு போயி ஏழு மாசம் ஆவுது பாப்பா"ன்னேன்.

அந்தப் பொண்ணு அப்படியே தரையில குந்திடுச்சு.

உங்களுக்குச் சொல்றதுக்கு இன்னா. போன்ல அவரு போட்டோ நெறைய கீது. குரலு இல்ல. என் பொண்ணு மகேஸ்வரி எல்லாத்தையும் தேடிட்டா. அவ கண்ணாலத்து வீடியோவுல கூட பந்தியில குந்தி சாப்டுக்கினுதான் கீறாரு மனுசன்!

ஏழு மாசமா ஒரே நெனப்பு. ஒரு தபா, ஒரே ஒரு தபா "அடியே"ன்னு கேட்டுட மாட்டமா.

காது மூடிய என் தலையில மாட்டி, அந்தப் பழைய டேப்ப ஓடவிட்டுச்சு அந்தப் பொண்ணு.

கடல் வந்துச்சு. எங்க கட்டைத் தாளம் வந்துச்சு. பவுனு சிரிப்பு. அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு, "ஐய! வூட்டுக்காரரு பேரை..."ன்னு. அது நான்!

அவரு குரலு வரும் வரும்னு மூச்சடக்கிக்கினு கேட்டேன்.

வரல. ஒரு இருமல் கூட வரல.

அப்புறம்,

டங். டங்.

கரணைய கல்லு மேல ரெண்டு தட்டு.

சோத்துக்குக் கூப்புட அவரு வாயத் தொறக்கமாட்டாரு. நாப்பது வருசமா எந்த வேலையிலயும் அதே ரெண்டு தட்டுதான். வூட்ல இருந்தா டம்ளரால.

"தோ வரேன்!"னு கத்திக்கினு ஏந்திரிச்சுட்டேன். காது மூடி கழண்டு கீழ விழுந்துச்சு.

பொண்ணு பயந்துபோயி, "என்னாச்சும்மா?"ன்னுச்சு.

"சோத்துக்குக் கூப்புடறாரும்மா."

அந்தப் பொண்ணு கையில இருந்த சின்ன மைக்க என் பக்கம் லேசா நீட்டுச்சு.

ஆஸ்பத்திரில கூட அவரு பேரை நான் சொல்லல. நர்சம்மா கேட்டப்ப மகேஸ்வரிதான் சொன்னா. இனிமே கொறையறதுக்கு ஆயுசு எங்க கீது?

வாயத் தொறந்தேன். மொத தபா வெறும் காத்துதான் வந்துச்சு.

ரெண்டாவது தபா சொல்லிட்டேன்.

(நான் அஞ்சாவதோட நின்னவ. நான் சொல்லச் சொல்ல மகேஸ்வரி டைப் பண்றா. இப்ப அழுதுக்கினு கீறா. எழுத்து தப்பா இருந்தா அவளத் திட்டாதீங்க.)

படிக்கிறவங்க எனக்காக ஒரு தபா வாய்விட்டுச் சொல்லுவீங்களா?

முனுசாமி. கொத்தனாரு. சாலவாக்கம்.