வேன் கூரையில் வெயில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பழைய வேன் வாங்கினேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. சுங்கை பினாங் அடுக்குமாடியின் தரைத்தள வீட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அக்கா ஐம்பது வயதில், மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டாள். வேன் அதற்குப் பிறகு வந்தது.

ஒரு பெண்ணுக்கு எதற்கு வேன் என்று அலுவலகத்தில் எல்லாரும் கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன். முந்தைய வருஷம் கேமரன் மலைக்குத் தனியாகப் போயிருந்தேன். ஹோட்டலில் என் அடையாள அட்டையை வாங்கியவர், என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது, பரிமாறிய பெண் இரண்டு தட்டுகள் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். யாரிடமும் பதில் சொல்ல வேண்டாத ஒரு அறை எனக்கு வேண்டியிருந்தது.

வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டேன். முதல் தடவை கடற்கரையில் நிறுத்தி, வேன் பேட்டரியிலேயே விளக்கும் சின்ன ஃபேனும் போட்டுக்கொண்டு தூங்கினேன். காலையில் எஞ்சின் முனகக்கூட இல்லை. மீன் வாங்க வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். அப்போதுதான் சோலார் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

மீன்பிடிப் படகுகளுக்கு மின்சாமான் விற்கும் கடை ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்தது. கடைக்காரர் என் வயதுள்ள தமிழர்.

"யாரு மாட்டுவாங்க அக்கா? வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களா?"

"நான்தான் மாட்டப்போறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு அட்டையைக் கிழித்துப் படம் வரைந்தார். "பேனல்லேர்ந்து நேரா பேட்டரிக்குக் குடுக்காதீங்க. நடுவுல இந்தக் கண்ட்ரோலர் இருக்கணும். இல்லன்னா பேட்டரி அளவுக்கு மேல ஏறி வீணாப் போயிரும். முதல்ல பேட்டரிய மாட்டுங்க, அப்புறம்தான் பேனல். செவப்பும் கறுப்பும் மாறுச்சுன்னா ஃபியூஸ் போயிரும்லா."

சாதாரண கார் பேட்டரி வேண்டாம், மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும் படகு பேட்டரிதான் தாங்கும் என்று அதையும் அவரே தேர்ந்து கொடுத்தார். பேட்டரியை வேனில் ஏற்றினேன். பேனலை வைக்க இடமில்லாமல் போர்வையில் சுற்றி முன் இருக்கையில் சாய்த்தேன். தீவுக்குத் திரும்பும் ஃபெர்ரியில் பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "சாமி படமாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாட்டி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வேன் கூரையில் ஒவ்வொரு துளையையும் இரண்டு முறை அளந்துதான் போட்டேன். மழை இறங்காமல் துளைகளைச் சுற்றி ரப்பர் பசை பூசினேன். பேட்டரியை மூடிய பெட்டிக்குள் வைத்து, அதன் வாயு வெளியேற மேல்பக்கம் ஓட்டை போட்டு வெளியே ஒரு குழாய் விட்டேன். சிவப்பும் கறுப்பும் மாறி ஒரு ஃபியூஸ் போனது. பிறகு வேனிலிருந்து என் வீட்டுச் சன்னல் வரை ஒரு நீள வயர் இழுத்து, உள்ளே ஒரு பேட்டரி விளக்கை மாட்டினேன். கரண்டு போனால் வீட்டிலும் ஒரு விளக்காவது எரியட்டும் என்று நினைத்தேன். விசையைத் தட்டினேன். வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. "எரியுது!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். வெளியே என் வேன்தான் நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்போம், அவ்வளவுதான். துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் கணவர் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கால்வாய் தோண்டிய இயந்திரம் நிலத்தடிக் கேபிளை அறுத்துவிட்டது. எங்கள் அடுக்குமாடி முழுக்கக் கரண்டு இல்லை. நான் வேலை முடிந்து வந்தபோது வீடு அடுப்பாகக் கொதித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் முனகுவது கேட்டது. அவர்கள் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தட்டினேன்.

"அக்கா, என்கிட்ட ஒரு ஃபேன் இருக்கு. அதுக்குக் கரண்டு வேணாம்."

"கரண்டு இல்லாம எப்படிம்மா?"

வயரை என் சன்னலிலிருந்து அவர்கள் சன்னலுக்கு மாற்றி, ஃபேனைக் கட்டில் கம்பியில் கட்டினேன். காற்று முகத்தில் பட்டதும் அவர் கண் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"காத்து," என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசமா இவரு வாயத் தெறக்கலம்மா."

இரண்டு நாள் அந்த ஃபேன் நிற்கவில்லை. பேட்டரி தாங்க வேண்டுமென்று வேறு எதையும் அதில் போடவிடவில்லை. காலையில் வெயில் ஏறியதும் வேனுக்குப் போய்க் கண்ட்ரோலரின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன், அக்கா உள்ளேயிருந்து "சரி தங்கச்சி" என்பார். அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டேன். மாறி மாறி அவரைப் புரட்டிப் படுக்க வைத்தோம். அக்கா தன் மகளைப் பற்றி, கல்யாணமான புதிதில் இருந்த வாடகை அறையைப் பற்றியெல்லாம் பேசினார். என்னையும் கேட்டார், நானும் சொன்னேன். கேபிள் இன்னும் ஒரு நாள் சரியாகாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைத்தேன். மாடிகளில் கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கட்டடம் முழுக்க ஒரே கூச்சல். கரண்டு வந்துவிட்டது. அக்கா ஃபேனைத் துடைத்து, வயரை அழகாகச் சுற்றி என் கையில் கொடுத்தார். "ரொம்ப நன்றி தங்கச்சி." கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி சத்தம் சுவர் வழியாக வந்தது. நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்காவே என் கதவைத் தட்டினார். "அதே மாதிரி ஒண்ணு எங்களுக்கும் வெச்சுத் தர முடியுமா?" மறுபடி பட்டர்வொர்த் போனேன். இந்த முறை அவர்கள் சமையலறைச் சன்னலுக்கு மேலிருந்த தகரக் கூரையில் பேனலை மாட்டினேன். ஒரே ஞாயிறில் முடிந்தது, ஃபியூஸும் போகவில்லை.

அடுத்த வருஷம் அக்காவின் கணவர் இறந்தார். அக்கா மகளோடு கோலாலம்பூர் பக்கம் கிள்ளானுக்குப் போய்விட்டார். வந்து பார்க்கச் சொன்னார். நான் ஒரு முறை போனேன். மகள் வீட்டில் எல்லாரும் சுற்றியிருக்க, அங்கே எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அன்று வீடு வரை ஓட்டத் தெம்பில்லை. வழியில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு கோயில் வளாகத்தில் அனுமதி கேட்டு வேனை நிறுத்தினேன். இருட்டும் வரை அழுதேன். பிறகு விளக்கைப் போட்டுச் சோறு வடித்துச் சாப்பிட்டேன். ஃபேன் சத்தத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன்.